எர்த் ஒயர்

"சாவியைத் தாங்க வாப்பா" என்று பதருன்னிசா கேட்டாள். கேட்டதும், கொட்டகையில் நின்ற பிளஷர் காரின் முன்விளக்கு இரண்டும் எரிந்தன. உச்சி வெயில் நேரம். காருக்குள் அப்போது ஒரு முழம் ஒயர்கூடக் கிடையாது. போன வருஷமே எல்லாவற்றையும் உருவிப் போட்டாகிவிட்டது. வண்டிக்கு அடியிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பேட்டரி, மண்டியில் வத்தல் மூட்டைகளுக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. விளக்கு எரிவதை அவள் அப்பா அல்லாபிச்சை பார்த்தார், அவர் மனைவி சைத்தூன் பீவி பார்த்தாள், பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மெக்கானிக் சோலைராஜும் பார்த்தான். மூன்று பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது விளக்கினால் அல்ல. பெண்பிள்ளை சாவி கேட்டதினால். "வாப்பாட்ட சேலை கேளு, சங்கிலி கேளு, சாவிய மட்டும் கேட்டுராத ஏட்டி" என்று சொல்லிச் சொல்லித்தான் சைத்தூன் பீவி அவளை வளர்த்திருந்தாள்.

அந்தக் கார் யுத்தத்துக்கு முந்தைய மாடல். ஏதோ ஒரு ஜமீனின் கடைசி வாரிசு பருத்தி குடோனில் போட்டு மறந்துவிட்டதை அல்லாபிச்சை வாங்கி, மாடு பூட்டி இழுத்து வந்தார். கோவில்பட்டியில் வத்தல் மண்டி வைத்திருந்தவர்களில் சொந்தமாகப் பிளஷர் வாங்கிய முதல் ஆள் அவர்தான். என்ஜின் நன்றாக இருந்தது, சீட்டு நன்றாக இருந்தது, ஒயரிங் மட்டும் இல்லை. பேட்டரியிலிருந்து விளக்கு, ஹாரன், டைனமோ, வைப்பர் என்று ஒவ்வொன்றுக்கும் கிளை பிரிந்து போகிற அத்தனை ஒயரையும் ஒரே கட்டாகச் சுற்றி வைத்திருப்பார்கள். அந்தக் காலத்து ஒயருக்கு மேலே பருத்தி நூல்தான் உறை. கரிசல்காட்டு எலிக்குப் பருத்தியில் சீமை, நாடு என்ற வித்தியாசம் தெரியாது. முழுக் கட்டையும் தின்றுவிட்டு, ருசிக்காத செம்பை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. சீமையிலிருந்து புதுக் கட்டு வரவழைக்க லைசென்ஸ் கிடையாது. ஆகவே இங்கே கிடைப்பதில் எதைப் போடுவது என்ற கேள்வி வந்தது. கேள்வி வந்தபோது பதருன்னிசா பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் சேர்ந்திருந்தாள். அவள் பட்டம் வாங்கித் திரும்பி வந்த பிறகும் கேள்வி கேள்வியாகவே இருந்தது.

முதலில் வந்தது மிலிட்டரி லாரியிலிருந்து கழற்றிய கட்டு. பர்மா சண்டையில் லாரி ரிப்பேர் பார்த்த சோலைராஜ் அதை மதுரையில் பழைய சாமான் விற்கிற இடத்திலிருந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் மாட்டிய பின் ஒரு ஒயர் மிஞ்சியது. அதன் நுனியில் பித்தளைத் தகட்டில் 'ஈ' என்ற இங்கிலீஷ் எழுத்து. "இது எர்த்து மொதலாளி" என்றான் சோலைராஜ். மிலிட்டரியில் இந்த ஒயரை மட்டும் வேறொருவன் மாட்டுவானாம், எங்கே என்று இவன் பார்த்ததில்லையாம். அல்லாபிச்சை ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அதில் ஞாபகம் இருந்த சில சொற்களில் இதுவும் ஒன்று. "எர்த்துன்னா மண்ணுல்லா? மண்ணுல புதைலே" என்றார். பஞ்சு மில்லில் அப்படித்தான் குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டு ஒயரை இறக்கியிருக்கிறார்கள் என்பது சோலைராஜுக்கும் ஞாபகம் வந்தது. கொட்டகையில் குழி வெட்டினார்கள். கரி, உப்பு, அதற்கு மேலே கரிசல் மண். குழி காயாமல் இருக்கத் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிற வேலை சைத்தூன் பீவிக்கு வந்து சேர்ந்தது.

காருக்குக் காரின் இரும்பு உடம்புதான் எர்த். இதைப் பாடப்புத்தகத்தில் எட்டு வரியில் போட்டிருக்கிறார்கள். லீவில் வந்த பதருன்னிசா குழியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "எர்த்துன்னா மண்ணு இல்ல வாப்பா, வண்டியோட பாடிதான் எர்த்து" என்றாள். சோலைராஜுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "பாடின்னாலும் மண்ணுக்குள்ளதான தங்கச்சி கொண்டு போயி வைக்காவ!" என்றான். கொட்டகையே சிரித்தது. அதன் பிறகு அவள் எப்போது அந்தப் பேச்சை எடுத்தாலும் யாராவது ஒருத்தர் அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்ல, எல்லாரும் முதல் தடவை கேட்கிற மாதிரியே சிரித்தார்கள்.

கரிசல் மண்ணுக்குள் ஒயர் போனால் என்ன ஆகும் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. சோலைராஜ் ஹாரனை அழுத்தினான். ஹாரன் அடிக்கவில்லை, ரயில்வே ஸ்டேஷனில் சிக்னல் கை ஏறிக்கொண்டது. திருநெல்வேலி போகிற வண்டி, கிளம்ப வழியில்லாமல் பிளாட்பாரத்தில் நின்றது. நின்ற நேரத்தில் கடலைமிட்டாய் விற்கிறவர்கள் கூடை காலியாகிற அளவுக்கு விற்றார்கள். மறுநாள் அவர்கள் கும்பலாக வந்து, தினம் ஒரு தடவை, வண்டி வருகிற நேரம் பார்த்து ஹாரனை அழுத்தும்படி அல்லாபிச்சையைக் கேட்டுக்கொண்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டரும் வந்தார். அவர் அழுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு தரப்புக்கும் அல்லாபிச்சை டீ வாங்கிக் கொடுத்து, யோசிக்கிறேன் என்றார்.

ஒயரிங் சரியில்லை என்று முடிவாகி, மெட்ராஸிலிருந்து புதுக் கட்டு வந்தது. பிளாஸ்டிக் உறை போட்டது, எலி தொடாது. மாட்டி, வைப்பர் சுவிட்சைத் திருப்பினால் கொட்டகை மேலே மட்டும் மழை பெய்தது. பக்கத்து வீட்டு வத்தல் களத்தில் ஒரு சொட்டு விழவில்லை. அந்த வருஷம் ஐப்பசியும் பொய்த்திருந்தது. கடலையூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக வந்த அழகிரிசாமி நாயக்கர், வேட்டியை இறக்கிவிட்டு வாசலிலேயே நின்றார். "பாய், எங்க புஞ்சையில கொண்டாந்து ஒரு வாரம் நிறுத்துங்க. வான வரும்னு எத்தனை நாள் மேல பாத்துக்கிட்டு இருக்கிறது?" என்றார். அவசரத்தில் மழைக்குத் தெலுங்கு வார்த்தைதான் வாயில் வந்தது. கார் நகராது என்று சொன்னதும், நகரும் வரைக்கும் இந்தக் கட்டைக் கழற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கப் பார்த்தார். அல்லாபிச்சை அவருக்கும் டீ சொல்லி, யோசிக்கிறேன் என்றார்.

மூன்றாவது கட்டு கோயம்புத்தூரிலிருந்து. அதில் டிம் லைட்டைத் தட்டினால் பஞ்சு மில்லில் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது. பெண்கள் கும்பல் கும்பலாக வீட்டுக்கு நடந்தார்கள். இந்தக் கட்டுதான் நல்ல கட்டு என்று மில்லுக்குப் போகிற தெருக்கள் அத்தனையும் சொல்லின. இப்படியாக ஊர் மூன்று கட்சியானது. சாயங்காலம் ஆனால் கொட்டகையில் பெஞ்சு போட்டு, மிலிட்டரிக் கட்டா, மெட்ராஸ் கட்டா, கோயம்புத்தூர்க் கட்டா என்று பேச்சு. அல்லாபிச்சை நடுவில் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் கடைத்தெருவில் அவரைப் பார்த்து யாரும் எழுந்து நின்றதில்லை, இப்போது நின்றார்கள். முனிசிபல் எலெக்‌ஷனில் நிற்கச் சொல்லிக்கூட ஆள் வந்தது. எந்தக் கட்டு என்று அவர் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்ற இரண்டு கட்சியும் பெஞ்சை விட்டு எழுந்து போய்விடும் என்பது தெரியாத மனிதரா அவர்.

இத்தனை பேரில் கார் ஓட வேண்டும் என்று கேட்ட ஆள் பதருன்னிசா ஒருத்திதான். விளாத்திகுளம் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் அவளுக்கு சயின்ஸ் டீச்சர் வேலை தயாராக இருந்தது. அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பட்டத்தைக் கண்ணாடி போட்டு மண்டியில் மாட்டியதே அல்லாபிச்சைதான். வேலைக்குப் போகக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "நம்ம வீட்டுப் பிள்ள பஸ்ஸுல நெருக்கியடிச்சிக்கிட்டுப் போவாளா? பிளஷர் ஓடட்டும். அதுல போயி அதுலயே வா" என்றார். கேட்டவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். அவளும்தான் மெச்சினாள், முதல் ஜூன் மாதம். இரண்டாவது ஜூனில் மூன்று கட்டையும் தரையில் விரித்துப்போட்டு, டார்ச் பல்பும் செல்லும் வைத்து ஒவ்வொரு ஒயராகச் சோதித்தாள். மூன்றும் நல்ல கட்டு. எதைப் போட்டாலும் ஓடும், குழியிலிருந்து எர்த்தை எடுத்து வண்டியின் உடம்பில் மாட்டினால் போதும் என்று சொன்னாள். "படிச்ச பிள்ள பேசுது, கேளுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி பேச ஆரம்பித்தார்கள். ஒரு தடவை அவளே ஸ்பேனரை எடுத்து அந்த ஒயரைக் கழற்றிவிட்டாள். அன்று மழை வராது, சங்கு ஊதாது என்று மூன்று கட்சியும் முதல் தடவையாக ஒற்றுமையாகக் கூச்சல் போட, சாயங்காலத்துக்குள் சோலைராஜ் திரும்ப மாட்டினான். கழற்றியிருந்த நேரத்தில் காரை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அல்லாபிச்சை மூன்று கட்டையும் உருவச் சொன்னார். நாலாவதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வரைக்கும் கார் சும்மா நிற்கும். நாலாவது எது என்று பேச மூன்று கட்சியும் பழையபடி சாயங்காலம் வந்தன. இன்னொரு வருஷம் போனது. ஹைஸ்கூல் தலைமையாசிரியை, இந்த ஜூனுக்கு மேல் இடத்தைப் பிடித்துவைக்க முடியாது என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினாள்.

அந்த ஜூனில்தான் பதருன்னிசா சாவி கேட்டது, விளக்கு எரிந்தது. அல்லாபிச்சை இடுப்பு வாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாவி அங்கேதான் இருந்தது.

"சாவிய வாங்கி என்னட்டி செய்யப் போற? வண்டியில ஒயரே இல்ல."

"வெளக்கு எரியுதுல்லா."

சோலைராஜ் டம்ளரைக் கீழே வைத்தான். "மொதலாளி, இது சாதாரணமில்ல பாத்துக்கிடுங்க. ஒயரே இல்லாம எரியுதுன்னு தெரிஞ்சா, ஒயரிங்கே வேண்டாம்னு இன்னொரு கட்சி கெளம்பிரும்."

அல்லாபிச்சையின் முகம் மலர்ந்தது. எரிகிற விளக்கைப் பார்த்து, மகளைப் பார்த்து, திரும்ப விளக்கைப் பார்த்தார். "அதான் நானும் யோசிக்கேன். பம்பாயில ஒருத்தன் கட்டு வச்சிருக்கானாம். அதையும் வரவழைப்போம். நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சி, ஒயர் இல்லாம எரியுறதையும் கணக்குல எடுத்து, பொறுமையா ஒரு முடிவு பண்ணிருவோம். இம்புட்டு நாள் பொறுத்தவ, இன்னும் ஒரு வருசம் பொறுக்க மாட்டியா?"

பதருன்னிசா உள்ளே போய்த் தகரப்பெட்டியை எடுத்து வந்தாள். பெட்டி முந்தின நாளே கட்டியிருந்தது. "நான் போன வாரமே வாரேன்னு சொல்லியனுப்பியாச்சு. அங்கனயே ஹாஸ்டல்ல தங்கிக்கிடுதேன். இப்ப பன்னெண்டரை பஸ்ஸு" என்றாள்.

"அப்போ சாவி எதுக்குட்டி கேட்ட?" என்றாள் சைத்தூன் பீவி.

"தருவாவளான்னு பாத்தேன்."

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சோலைராஜின் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, காருக்கு அடியில் குனிந்து எர்த் ஒயரின் நட்டைக் கழற்றினாள். ஒயர் மண்ணில் விழுந்தது. இத்தனை வருஷம் குடிதண்ணீரை அதன் தலையில் ஊற்றிய சைத்தூன் பீவி குழியை ஒரு தடவை பார்த்தாள். விளக்கு அணையவில்லை. இன்னும் கொஞ்சம் பளிச்சென்றுதான் எரிந்தது. என்ஜின், யாரும் சுற்றாமல், மெதுவாகச் சத்தம் போட ஆரம்பித்தது. அல்லாபிச்சை சாவியை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள், இனி என்ன நடந்தால் என்ன என்பது போல அவர் முகம் இருந்தது.

பதருன்னிசா கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். ஒரு ஆள் நடக்க வாசலில் வேண்டிய மட்டும் இடம் இருந்தது. இருந்தாலும் சைத்தூன் பீவி எழுந்து, சோலைராஜை எழுப்பிவிட்டு, குறுக்கே கிடந்த பெஞ்சை ஓரமாக இழுத்துப் போட்டாள். கார் பதருன்னிசாவுக்குப் பின்னால் நடைவேகத்தில் கொட்டகையை விட்டு இறங்கியது. ஸ்டீரிங் தானாகத் திரும்பியது. எதிரே வத்தல் மூட்டை ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரன், பாய் வீட்டுப் பிளஷர் ஒருவழியாகக் கிளம்பிவிட்டது என்று மட்டும் சொல்லி வண்டியை ஒதுக்கினான். கடைத்தெருவில் இரண்டு பேர், எந்தக் கட்டு போட்டார்கள் என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள்.

அவள் நிற்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாறதுன்னா வா" என்று காரைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு நடந்தாள்.