பவுடருக்குக் கட்டிய காப்பு

அன்று வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். என் மனைவி முத்தாயி சுவரோரக் கட்டிலில், முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்திருந்தாள். அவள் தம்பி ஜெயபிரகாஷ் மிளகு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். கைவைத்த நாற்காலியை விருந்தாளி சிவசக்திக்குக் கொடுத்திருந்தோம். ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் உடம்பு இளைக்கும் பவுடர் விற்கிற பெண் அவள். வாழப்பாடியில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் தீபிகா, அம்மாவைப் பார்க்க வந்தவள், சமையலறை வாசற்படியில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோர மேசையில் வெள்ளைத்தாளும் பேனாவுமாக இருந்தேன்.

கடிதம் டாக்டருக்கு. அதில் தகராறு இல்லை. என்ன எழுதுவது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை.

விவரத்தை முறையாகச் சொல்லிவிடுகிறேன். தீபிகாவை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அந்தத் தையல் வருஷம் போகப் போக நெகிழ்ந்து, குடல் அந்த இடத்தில் பிதுங்கியது. முதலில் எலுமிச்சை அளவு. படுத்தால் உள்ளே போய்விடும். பிறகு கமலா ஆரஞ்சு அளவுக்கு வந்து, படுத்தாலும் போகாமல் நின்றுவிட்டது. சேலம் ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, என்றைக்காவது குடல் அங்கே சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்றார். ஆனால் இந்தக் கனத்தோடு செய்தால் தையல் மறுபடியும் விட்டுப்போகும், எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். அவசரப்படக் கூடாது என்பதை இரண்டு தரம் சொன்னார். களி பாதி, கீரையும் பருப்பும் முட்டையும் கூடுதல், டீக்குச் சர்க்கரை கிடையாது, சாயங்காலம் நடை. அவ்வளவுதான் அவருடைய வைத்தியம்.

முத்தாயி செய்தாள். இல்லையென்று சொல்லக் கூடாது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பனியிலும் நாகலூர் ரோட்டில் நடந்தாள். இரண்டு மாதத்தில் மூன்று கிலோ இறங்கியது. டாக்டருக்குச் சந்தோஷம். இவளுக்கு அழுகை.

"ரவிக்கைகூட லூசாவுல. இந்தக் கணக்குல போனா பாடையில ஏத்தும்போதுதான் நான் ஒல்லியா இருப்பேன்" என்றாள்.

அப்போதுதான் ஜெயபிரகாஷ் அவளைச் சிவசக்தியிடம் கூட்டிக்கொண்டு போனான். காலையும் இரவும் சுடுதண்ணீரில் பவுடர், மத்தியானம் வெள்ளரிக்காய். வேறு ஒன்றும் வாயில் படக் கூடாது. குழம்பு கொதிக்கும் வாசனைக்கே இவளால் தாங்க முடியவில்லை. இரண்டாம் நாளே கரண்டியோடு பிடிபட்டாள்.

"காப்புக் கட்டிக்கக்கா. சாமிக்குன்னா வாய் கட்டும்" என்றான் தம்பி.

சேர்வராயன் கோயிலுக்குப் போனார்கள். குகைக்குள் குனிந்து போய் வேண்டிக்கொண்டு, திருவிழா வரைக்கும் பவுடர் தவிர எதுவும் தொடுவதில்லை என்று இடது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். அதோடு அது டயட் இல்லை, விரதமாகிவிட்டது. காப்புக் கட்டினவளிடம் சாப்பிடு என்று யார் சொல்வது? நாங்கள் எல்லோரும் அவள் கண்ணில் படாமல் பின்கட்டில் சாப்பிட்டோம். தலை சுற்றி விழுந்தபோது, விரதம் பலிக்கிறது என்றார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் அவள் கையால் விபூதி வாங்கிப் போனார்கள்.

எடை மளமளவென்று இறங்கியது. சிவசக்தியின் கடையில் எல்லோரும் கைதட்டி, முன்னால் எடுத்த போட்டோவையும் பின்னால் எடுத்ததையும் சேர்த்துச் சுவரில் மாட்டினார்கள். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்ததை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

திருவிழா முடிந்து, கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சேலம் போனோம். எடை மெஷினைப் பார்த்து டாக்டர் முகம் மலர்ந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் சுருங்கியது. "கொழுப்போட சதையும் போயிருக்கு. ரத்தத்துல சத்தே இல்ல. இப்பக் கத்தி வெச்சா புண்ணு ஆறாது. சாப்பிடுங்க. மறுபடி மெல்லக் குறைங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் இவள் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். "எறங்குன்னாங்க, எறங்குனேன். இப்ப ஏறுங்கறாங்க. என்னதானுங்க வேணும் அவங்களுக்கு?"

சாப்பிட்டாள். பட்டினி கிடந்த உடம்பு விட்டதையெல்லாம் வாரிச் சேர்த்துக்கொண்டது. தீபாவளிக்குள் பழைய எடையையும் தாண்டிவிட்டது. வயிற்றுப் புடைப்பு தேங்காய் அளவாகியது. இதற்கிடையில் டாக்டருக்கு ஊர் மாறியது. போகும்போது தன் விலாசத்தைக் கொடுத்து, முறையாகச் சாப்பிட்டு எடை குறைந்தால் எழுதுங்கள், நானே வந்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் போனார்.

அந்தக் கடிதம்தான் இது.

"மாமா, எடை கொறஞ்சுட்டே வருதுங்க, அடுத்த மாசம் தேதி குடுங்கன்னு எழுதுங்க. அவரு என்ன வந்தா பாக்கப்போறாரு?" என்றான் ஜெயபிரகாஷ்.

"தேதி குடுத்துட்டுக் கண்ண மூடிட்டா அறுப்பாரு?" என்றாள் தீபிகா.

"உன்ற வாய்க்கு நீ வாழப்பாடியிலயே இருந்திருக்கலாம், சாமி" என்றான் அவன்.

சிவசக்தி நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். "எத வேணா எழுதுங்கண்ணா. பவுடரப் பத்தி மட்டும் வேண்டாமுங்க. டாக்டருங்களுக்கு அது ஆவாது."

"அம்மா போட்டோ இன்னும் உங்க கடையில தொங்குதாமே? அதயாச்சும் எடுத்துருங்கக்கா" என்றாள் தீபிகா.

"அத எப்படிக் கண்ணு எடுக்கறது? வர்றவங்க அதப் பாத்துட்டுத்தான் சேர்றாங்க." சிவசக்தி அதைக் கள்ளமில்லாமல்தான் சொன்னாள்.

"இருக்கட்டும் உடு. நான் நல்லா இருக்கற போட்டோ அது ஒண்ணுதான்" என்றாள் முத்தாயி.

தீபிகா எழுந்து உள்ளே போனாள். பாதி உருண்டை களி, வேகவைத்த அவரைப்பயிறு, ஒரு முட்டை என்று தட்டில் வைத்துக்கொண்டு வந்து கட்டிலில் வைத்தாள். முத்தாயி தட்டைத் தொடவில்லை. இடது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டில் புது மஞ்சள் கயிறு.

"வெள்ளிக்கெழம கட்டிட்டு வந்தேன். திருவிழா வரைக்கும்."

"அதுக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்குதுங்கம்மா!"

"அதுக்குத்தான் கட்டுனது. போன தடவ நாளு கம்மி. அதான் சாமி ஏத்துக்கல."

ஜெயபிரகாஷ் தன் செருப்பைப் பார்த்தான். சிவசக்தி மடியில் இருந்த பையை இறுக்கிக்கொண்டாள். அதற்குள் பவுடர் டப்பாக்கள் இருந்தன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவுத்துப் போடு, முத்தாயி" என்றேன்.

"நீங்க அவுருங்க. உங்க கையாலயே அவுருங்க."

எழுந்து போய்க் கட்டிலோரம் நின்று முடிச்சைப் பிடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஊசி போடுவதற்குக் கை நீட்டினவளைப்போல உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் அவிழ்த்து, நாளைக்கே குடல் சிக்கிக்கொண்டால், சாகிறவரைக்கும் அவள் இந்தக் கயிற்றைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். என் விரல் முடிச்சை விட்டுவிட்டது.

தீபிகா தரையில் மண்டிபோட்டு அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "மெல்லத்தானுங்கம்மா கொறையும். ஒரு வருசம் ஆனா ஆவட்டுமே."

முத்தாயி சேலைக்கு மேலாக அந்தப் புடைப்பில் உள்ளங்கையை வைத்தாள். "ஒரு வருசம் இது பொறுக்குமா? அதக் கேட்டுச் சொல்லு கண்ணு. பொறுக்கும்னா நான் இப்பவே தின்னுர்றேன்."

டாக்டர் சொன்ன நடையும் பாதிக் களியும் விடாமல் நடந்திருந்தால், அந்த ஒரு வருஷம் இதற்குள் முடிந்திருக்கும். அதைச் சொல்லி இனி யாருக்கு என்ன? தட்டில் களி ஆறித் தோல் கட்டிக்கொண்டிருந்தது.

நான் மேசைக்குத் திரும்பி வந்து எழுதினேன். எடை கூடியிருக்கிறது. புடைப்பு பெரிதாகியிருக்கிறது. இரவில் வலி. மறுபடியும் பவுடர் மட்டும் குடிக்கிறாள். சாமிக்கு வேண்டிக்கொண்டிருப்பதால் எங்களால் நிறுத்த முடியவில்லை. இப்படியே இருக்கும் உடம்பில் ஏதாவது செய்ய முடியுமானால் தயவுசெய்து தேதி கொடுங்கள்.

"படிங்க" என்றாள் முத்தாயி. படித்தேன்.

"இதுக்குத் தேதி வருங்களா?"

"வராது."

"அப்பறம் எதுக்குங்க எழுதுனீங்க?"

"பொய் எழுதுனாலும் வராது. ரத்தத்தப் பாத்தாத் தெரிஞ்சுரும்."

அவள் கயிற்றை மணிக்கட்டில் மேலே தள்ளிக்கொண்டாள். "செரி, உட்டுருங்க. அவங்க ஊட்டுப் புள்ளைங்கள நொம்பக் கேட்டதா ஒரு வரி போடுங்க. நல்ல மனுசன்."

அந்த வரியையும் சேர்த்தேன். தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தேன். தீபிகா பானையிலிருந்து நாலு பருக்கை சோறு கொண்டுவந்தாள். மசித்துத் தடவி, உறையின் வாயை நகத்தால் அழுத்தி ஒட்டினேன். விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

ஏற்காடு பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. சிவசக்தி அவசரமாக எழுந்தாள். "குடுங்கண்ணா, எனக்குப் போஸ்டாபீஸ் பக்கந்தான். எறங்குனதும் போட்டுர்றனுங்க."

கொடுத்தேன். அவள் அதைப் பைக்குள், டப்பாக்களுக்கு நடுவில் மடங்காமல் செருகிக்கொண்டு ஓடிப்போய்ப் பஸ்ஸில் ஏறினாள்.