கோதுமை இல்லாத அறுபத்து மூன்று நாள்

1

அறுபத்து மூன்று நாள். எட்டு கிலோ இருநூறு கிராம். இந்தக் கதை என்னிடம் கதையாக வரவில்லை, அட்டவணையாக வந்தது. அதில் ஆறு கட்டங்கள்: நாள், பசியாறல், மதியம், இரவு, எடை, குறிப்பு. முதல் ஐந்தையும் ஒழுங்காக நிரப்பினேன். ஆறாவது கட்டம் மட்டும் நிரம்பி, அடுத்த வரிக்குள் வழிந்து, ஒரு நாள் தாளை விட்டே வெளியே வந்துவிட்டது. நீங்கள் இப்போது வாசிப்பது அந்த ஆறாவது கட்டம்.

2

ஆரம்பங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"தைப்பிங்கில் அன்றும் மழை பெய்துகொண்டிருந்தது." அடித்துவிட்டேன். எங்கள் ஊர் தைப்பிங்கில் என்றைக்குப் பெய்யவில்லை?

"ஊட்டச்சத்து நிபுணர் மதுரவாணி கண்ணாடியைச் சரிசெய்தபடி சொன்னாள்." இவளுக்கு முப்பத்தைந்து வயது, நல்ல குரல். இரண்டு பக்கம் பேசினாள். ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. கோதுமையைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் சரி. ஆனாலும் என்னால் அவளை நம்ப முடியவில்லை. அவளுக்கு இதில் இழக்க ஒன்றுமில்லை.

மதுரவாணியைக் கதையிலிருந்து அனுப்பிவிட்டேன். அட்டவணை போட்டது நான்தான். பெயர் ஹேமலோசினி, வயது இருபத்து நான்கு. உணவு அறிவியல் படித்துவிட்டு, பக்கத்து ஊரான காமுண்டிங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் மாவின் ஈரப்பதம் அளக்கிறேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டாத வேலை. அதனால் பிடித்திருக்கிறது.

3

கதைக்குத் தேவையான உண்மைகள் இவை.

என் அக்கா பரமேஸ்வரிக்கு இரண்டு சிறுநீரகங்களும் ஓய்ந்து மூன்று வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி இரத்தச் சுத்திகரிப்பு. அவள் கணவர் தயாளன், எனக்கு மாமா, ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா போல மாவை வீசி ரொட்டி சானாய் போடுகிறவர். தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கிறேன் என்றார். இரத்தம் பொருந்தியது. மற்ற சோதனைகளும் பொருந்தின. எடைதான் இடித்தது: 93.2. எண்பத்தைந்துக்குள் வந்தால்தான் அறுவை சிகிச்சை என்று மருத்துவர் எடையும் இரத்தமும் பார்க்க அறுபத்து மூன்று நாள் தள்ளி ஒரு தேதி குறித்தார். அந்தத் தேதி தவறினால் அடுத்தது எட்டு மாதம் கழித்து. அக்காவின் இதயம் வீங்க ஆரம்பித்திருந்தது. அது எட்டு மாதம் தாங்கும் என்று யாரும் நம்பிக்கையோடு சொல்லவில்லை.

நானும் சோதனைக்குப் போனேன். ஒரு வாரம் கழித்து, "தங்கை தகுதியில்லை" என்று வீட்டுக்குச் சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை. கொடுக்க வந்தவர் எதனால் நின்றுபோனார் என்பதை அந்த மருத்துவமனையில் யாருக்கும் சொல்வதில்லை, அது அவர்கள் வழக்கம். அக்கா என் தலையைத் தடவி, "போவுது விடு, ஒனக்கே ரத்தம் கம்மி" என்றாள். நான் அன்றைக்கு அவளிடம்

[இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். அட்டவணைக்குத் திரும்புகிறேன்.]

4

ஏன் கோதுமை? மாமா கேட்டதால்.

"கொஞ்சமா சாப்பிடுங்கன்னு மட்டும் சொல்லிறாத லோசினி. அந்தக் கொஞ்சம் எவ்வளவுன்னு நாப்பது வயசாயும் எனக்குப் பிடிபடல. ஏதாச்சும் ஒண்ண ஒரேயடியா வேணாம்னு சொல்லு. அது செய்வேன்."

"கோதுமய விட்டுர்றீங்களா மாமா?"

மாமா தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் மாவு இருந்தது.

"நல்லாக் கேட்ட போ. மீன் பிடிக்கிறவன்கிட்ட கடல விட்டுருன்னு சொல்ற மாதிரி."

"போடலாம், விக்கலாம். சாப்பிடத்தான் கூடாது."

"அப்ப மீ?"

"கோதும. பீகூன் சாப்பிடுங்க, அது அரிசி நூடுல்ஸ்."

"ஆவில வேகற பாவ் பன்னு?"

"கோதும."

"பிஸ்கட்டு?"

"கோதும. நானே அளக்கறேன்."

"கோப்பி?"

"குடிக்கலாம். சீனி இல்லாம."

"அதுக்குப் பேசாம கோதுமயே தின்னலாம்லா" என்றார். ஆனால் அன்றைக்கே ஆரம்பித்தார்.

(கோதுமையை விட்டால் உடம்பு தானாக இளைக்கும் என்று நான் நம்பவில்லை. கோதுமை எந்தப் பாவமும் அறியாதது. ஆனால் ரொட்டிக் கடையில் அது தனியாக வாய்க்குள் போவதில்லை. நெய்யையும், மாஜரினையும், டின்பாலையும் கூட்டிக்கொண்டு போகிறது. தலைவனைப் பிடித்தால் கூட்டம் கலைந்துவிடும் என்பதுதான் என் கணக்கு. இன்னொன்று: கிச்சாப்பிலும், அதாவது சோயா சாஸிலும், துளி கோதுமை உண்டு. மாமாவுக்கு இருப்பது ஒவ்வாமை அல்ல, தொந்தி. அதனால் கிச்சாப்பைக் கண்டுகொள்ளவில்லை.)

5

நான்காம் நாள் காலையில் அட்டவணையைப் பிடித்துக்கொண்டு அக்கா கேட்டாள்.

"ராத்திரிக்குச் சோறா? ஒடம்பு எறங்கணும்னா சப்பாத்தி தின்னுன்னு ஊரே சொல்லுது. நீ படிச்சுட்டு வந்து ஒரு கப்பு சோறுன்னு எழுதி வச்சிருக்க?"

"சப்பாத்தியும் கோதுமதான்கா."

"அது ஆட்டாடி."

"ஆட்டாவும் கோதுமதான்."

"அப்ப ரவ?"

நான் மாமாவின் தட்டைப் பார்த்தேன். எதிரே மாமா உப்புமாத் தட்டை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"வாயில இருக்கறத முழுங்கலாமா, துப்பணுமா?"

அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூச்சு வாங்கி, நெஞ்சில் கை வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து மறுபடியும் சிரித்தாள். நான் மாமாவுக்கு எழுதிய கங்குங் கீரை, தக்காளி, வாழைப்பழம் எதையும் சிறுநீரகம் ஓய்ந்த அவள் தொடக்கூடாது. அவளுடைய பட்டியல் வேறு. ஒரே அடுப்பில் இரண்டு சமையல்.

"இந்த வீட்டுல தாலி கட்டி ஒண்ணாச் சேந்தாங்களாம், சட்டி மட்டும் வேற வேற" என்று சொல்லிக்கொண்டே மாமாவின் கீரையை வதக்கினாள். ருசி பார்க்கவில்லை. உப்பு சரியாக இருந்தது.

6

இருபத்தொன்றாம் நாள் எடை 92.6. மூன்று வாரத்தில் அறுநூறு கிராம்.

எனக்குக் கோபம் வரவில்லை, ஆர்வம் வந்தது. ஆய்வுக்கூடத்தில் ஓர் எண் சொன்னபடி கேட்காவிட்டால் முதலில் கருவியைச் சந்தேகிப்போம். தராசின்மேல் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்தேன். ஐந்து கிலோ காட்டியது. வீட்டுச் சமையலை மூன்று நாள் தராசில் நிறுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. மிச்சமிருப்பது ஒரே பொருள். மாமா.

ஒரு கதை எழுதுகிறவளாக எனக்கு இங்கே சபலம் தட்டியது. கொடுக்கிறேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டு, உள்ளே பயந்து, ரகசியமாகத் தின்று தன் எடையைக் காப்பாற்றிக்கொள்ளும் ஒரு கணவன். நான்கு பக்கம் எழுதினேன். விளக்கை அணைத்ததும் தன் விலாவைத் தொட்டுப் பார்ப்பார். கத்தி எங்கே இறங்கும் என்று விரலால் கோடு போடுவார். "நல்லவேளை" என்று நினைப்பார், நினைத்ததற்காகக் கூசுவார். எங்கும் பேனா நிற்கவில்லை. இந்தக் கதையில் அவ்வளவு எளிதாக வந்த பக்கங்கள் வேறில்லை.

ஆனால் அந்த ஆள் மாமா இல்லை. நான்கு பக்கத்தையும் எடுத்துவிட்டேன்.

7

இருபத்தைந்தாம் நாள், ஞாயிறு, காலை ஐந்தே முக்கால். கடையில் ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தேன்.

மாமா முதல் உருண்டையைத் தட்டினார், வீசினார், மடித்துக் கல்லில் போட்டார். இரண்டு பக்கமும் சிவந்ததும் இரு கையாலும் அடித்து நொறுக்கி, ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். பிறகு இன்னொரு துண்டு. பிறகு மீதி.

"மாமா!"

"என்னா?"

"இப்ப என்ன சாப்பிட்டீங்க?"

யாரைக் கேட்கிறேன் என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

"நானா? எங்க சாப்பிட்டேன்? கல்லு பாத்தேன்."

"தின்னீங்களே!"

"மொத ரொட்டிய யாராச்சும் விப்பாங்களா? கல்லு சூடு போதுமா, உப்பு நிக்குதா, மாவு ஓஞ்சிருக்கா, இதெல்லாம் வாய்தான சொல்லும்? நீ வேலய கொண்டுபோயி சாப்பாட்டுல சேக்கற."

மாவைத் தனித்தனித் தட்டுகளாகப் பிசைந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முதல் ரொட்டி. மாமா தின்றதைப் பதினோரு மணி வரைக்கும் எண்ணினேன். நாலரை. மீதி அரை, பாதியில் என் முகத்தைப் பார்த்துவிட்டதால் மிஞ்சியது.

"தெனமும் எத்தன மணிக்குப் பசியாறுவீங்க மாமா?"

"பதினோரு மணிக்கு மேலதான். அதுவரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது. வேணும்னா மொதலாளியக் கேளு."

நான் முதலாளியைக் கேட்டேன். ஆமாம் என்றார். அவரும் அதைச் சாப்பாடாக எண்ணவில்லை. இருபது வருடமாக ஒருவரும் எண்ணவில்லை. மாமாவின் முகத்தில் பொய் இல்லை. பொய் இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

8

இதற்குப் பிறகு எடை இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கல் பார்த்தேன், மற்ற நாட்களில் முதலாளி. "இதுல உப்பு கம்மி" என்று ஒரு நாள் சொன்னேன். மாமா உருட்டுவதை நிறுத்திவிட்டு, "பாத்தியா, பிஸ்கட்டு கம்பெனிக்கும் நாக்கு இருக்கு" என்றார்.

முப்பத்தைந்தாம் நாள் 90.4. நாற்பத்தொன்பதில் 87.9. முதலாளியின் எடையை நான் எடுக்கவில்லை.

இந்தப் பகுதியை நீட்டலாம். மாமா இடுப்பில் ஏறாமல் கிடந்த பழைய சிலுவாரை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றது, அக்கா விசிலடித்தது, எல்லாம் நடந்ததுதான். ஆனால் மகிழ்ச்சியான பகுதியை நான் நீட்டினால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்கும். அடுத்த பகுதிக்குப் போகாமலிருக்க.

9

முடிவுகள்.

அ. மாமா மருத்துவமனைத் தராசில் ஏறுகிறார். 84.9. அக்கா அழுகிறாள். (எழுதும்போது நானும் அழுதேன். மறுநாள் வாசித்தபோது கூச்சமாக இருந்தது.)

ஆ. 85.3. மருத்துவர் யோசிக்கிறார், பேனாவை மூடுகிறார், "பரவாயில்லை" என்கிறார். (தேவைப்பட்ட நேரத்தில் மட்டும் மனமிரங்கும் மருத்துவர் கதைகளில்தான் கிடைப்பார்.)

இ. மாமா கடைசி நாளில் தண்ணீர் குடிக்காமல் எடையைக் குறைக்கிறார். தராசு ஏற்கிறது. ஆனால் வறண்ட இரத்தம் சோதனையில் காட்டிக்கொடுக்கிறது. இவருடைய சிறுநீரகமே சரியில்லையோ என்று நிறுத்திவிடுகிறார்கள். (அறிவியல்படி மூன்றில் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.)

மூன்றையும் எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன். மூன்றிலும் மாமா பேசுகிறார், அக்கா பேசுகிறாள், மருத்துவர் பேசுகிறார். ஒருத்தி மட்டும் கையில் அட்டவணையோடு நின்றுகொண்டே இருக்கிறாள். இவ்வளவு பாடுபட்டு அட்டவணை போடுகிறவள் ஏன் ஒரு முடிவிலும் வாயைத் திறப்பதில்லை? வேறு யாராவது எழுதிய கதையாக இருந்தால் இவளைத்தான் நான் முதலில் சந்தேகித்திருப்பேன்.

10

அறுபத்திரண்டாம் நாள், செவ்வாய். காலை எடை 86.1. ஒரு கிலோ நூறு கிராம் மிச்சம். அக்கா சுத்திகரிப்புக்குப் போயிருந்தாள். நான் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது மணி பதினொன்றரை. மாமா பின்பக்க மேசையில் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. எதிரே ஒரு கிளாஸ் தண்ணீர், தொடாமல்.

"எப்பலேர்ந்து குடிக்கல?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து."

"மாமா, கல்லு சூட்டுல அஞ்சு மணி நேரம் நின்னுருக்கீங்க."

"ஒரு மனுசன் ஒடம்புல எத்தன கிலோ தண்ணி இருக்கும்? நீ படிச்சவ, சொல்லு."

"உங்களுக்கு... நாப்பத்தஞ்சு கிட்ட."

"நாப்பத்தஞ்சுல ஒண்ணுதான கேக்கறேன்."

"நாளைக்கு ரத்தமும் எடுப்பாங்க. காஞ்சுபோயி இருந்தா கிட்னி சரியில்லன்னு காட்டும். ஒங்களையே வேணாம்னு அனுப்பிருவாங்க. அதோட விட்டாக்கூடப் பரவால்ல, மயக்கம் போட்டு..."

"ஒங்கக்கா மூணு வருசமா தண்ணிய அளந்து குடிக்கறா. ராத்திரி ஐஸ்கட்டிய வாயில வச்சுக்கிட்டுத் தூங்கறா. நான் ஒரு நாளு இருக்க மாட்டனா?"

நான் கிளாஸை அவர் பக்கம் தள்ளினேன். அவர் என் பக்கம் தள்ளினார்.

"அப்ப நான் என்னதான் செய்யணுங்கற? கீரை தின்னாச்சு. கல்லு பாக்கறத விட்டாச்சு. இன்னும் ஒரு நாளு. எட்டு மாசம் அவ தாங்க மாட்டா, அது ஒனக்கும் தெரியும். வேற வழி இருந்தா சொல்லு லோசினி. இருந்தா இப்பவே சொல்லு, இந்தத் தண்ணியக் குடிச்சிர்றேன்."

(வாசகரே, இதற்குப் பிறகு நடந்தது என்னிடம் இருக்கிறது. எழுதப் போவதில்லை. யார் மருத்துவமனைக்குப் போனது, யார் யாரை மன்னித்தது, யார் மன்னிக்கவில்லை, அக்கா என்ன சொன்னாள், எல்லாம் உங்களுக்கு விட்டேன். நான் எழுதினால் என் பக்கம் சாய்த்து எழுதிவிடுவேன். எனக்கு எழுத மிச்சமிருப்பது மூன்றாம் பகுதியிலிருந்து தள்ளிப்போட்டு வந்த ஒரு பேச்சு. அதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு அறுபத்திரண்டு நாள் ஆயிற்று.)

"அக்காவுக்கு என்னோடதும் பொருந்துச்சு மாமா. எல்லாமே பொருந்துச்சு. நான்தான் பயந்துபோயி, கொடுக்க மாட்டேன்னு ஆஸ்பத்திரில சொன்னேன்."