இரண்டாம் பாகத்தில் ஃப்ளோரன்ஸ்

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடையாறில் இருக்கும் எங்கள் திரைப்படக் கழகம் ஒரே நாளில் இரண்டு படங்களைத் திரையிடப் போகிறது. ஒன்று, செம்பியன் பல வருடங்களுக்கு முன் எடுத்த ‘ஒரு கூறு மத்தி’. மற்றது, அதன் இரண்டாம் பாகமாக இப்போது வந்திருக்கும் ‘இன்னொரு கூறு’. இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வேண்டும் என்று கழகத்தில் கேட்டார்கள். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். கலைப்படங்களை ஒப்பிடுவது எனக்குக் கைவந்த வேலை. புரியாத இடத்தில் ‘வெளி’, ‘இன்மை’ என்று இரண்டு சொல்லைப் போட்டுவிட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

தி.நகரில் பிரிவியூ பார்த்துவிட்டு வந்த கையோடு எழுதினேன். இப்படிப் போனது:

“முதல் படத்தில் கேமரா தோளில் இருக்கிறது, இரண்டாவதில் ட்ரைபாடில். முதல் படம் ஒரே இரைச்சல். கடலும் பஸ் ஹாரனும் பேரம் பேசும் குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. இரண்டாவதில் மௌனம். பட்டினப்பாக்கத்து மீன் கடையை விட்டு, நகருக்கு வெளியே ஒதுக்கித் தந்த அடுக்குமாடி வீட்டுக்குக் கதை நகர்ந்துவிடுகிறது. அங்கே மகன் தனியாக இருக்கிறான். சுவரில் அம்மாவின் படம், அதற்குச் சந்தன மாலை. அந்தப் படத்தின் முன் கேமரா நெடுநேரம் அசையாமல் நிற்கிறது. இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்த்தாலும் ஆகச் சிறந்த ஷாட் இதுதான். முதல் படம் முழுக்க வாய் ஓயாமல் பேசிய ஒரு பெண்ணை”

இங்கே நிறுத்திவிட்டேன். முடிக்கத் தெரியாமல் இல்லை. சுவரில் மாலையோடு இருக்கும் அந்தப் பெண்மணி உயிரோடு இருக்கிறார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவரிடம்தான் சங்கரா மீன் வாங்கினேன்.

2

(இது அடிக்குறிப்பாக வர வேண்டியது. கீழே போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கேயே: அவர் பெயர் ஃப்ளோரன்ஸ். நடிகை இல்லை. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறார். முதல் படத்தில் செம்பியன் அவரை அவராகவே வரச் சொன்னார், அவரும் வந்தார். படத்தில் திட்டு வாங்கும் வாடிக்கையாளர்கள் எல்லாம் நிஜ வாடிக்கையாளர்கள்.)

கல்யாணத்தில் ஆளுக்கு மாலை போடலாம். கட்சிக்காரருக்கு ஆளுயர மாலையே போடலாம். சுவரில் மாட்டிய படத்துக்குப் போட்டால் மட்டும் ஆள் இல்லை என்று அர்த்தம். கோயிலுக்குப் போகிற வீடானாலும் சர்ச்சுக்குப் போகிற வீடானாலும் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. செம்பியனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கட்டுரை எழுதும்போது ஃப்ளோரன்ஸ் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆனால் வந்தது. திரையில் அந்த முகத்தைப் பார்த்ததும் ‘அட, நமக்கு மீன் தருகிறவர்’ என்று ஓர் அற்பப் பெருமைகூட வந்தது. பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லவும் செய்தேன். அந்தப் பெருமையோடுதான் ‘ஆகச் சிறந்த ஷாட்’ என்று எழுதினேன். நினைத்தால் கூசுகிறது.

செம்பியன் போன் செய்தார். ஃப்ளோரன்ஸையும் திரையிடலுக்கு அழைத்துவந்து மேடையில் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றார். மாலை விஷயம் ஃப்ளோரன்ஸுக்குத் தெரியுமா என்று கேட்டேன். 

“நீங்கதான் அவங்ககிட்ட ரெகுலரா மீன் வாங்குறீங்களே. பக்குவமா சொல்லிடுங்களேன்” என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். சரி என்று சொல்வதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை.

3

நேரில் சொல்வது கஷ்டமாக இருந்ததால் கதையாக எழுதத் தொடங்கினேன். எழுத்தாளர்கள் செய்கிற வேலைதான்.

தொடக்கம் அ: “சுப்பம்மா மீன் கூடையை இறக்கி வைத்தபோது கடல்”

கடல் என்ன செய்தது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

தொடக்கம் ஆ: “அபிராமபுரத்தில் ஒரு விமர்சகர் இருந்தார். நேர்மையானவர்,”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தொடக்கம் இ தடையில்லாமல் ஓடியது. அதில் மீன்காரம்மாள் சுப்பம்மா, திரையிடலுக்கு முந்தின வாரம் காய்ச்சலில் இறந்துபோகிறாள். விமர்சகர் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. சாவுக்குப் போய் ஓரமாக நிற்கிறார். பிறகு தனியாக உட்கார்ந்து இரண்டாம் பாகத்தைப் பார்க்கிறார், கண் கலங்குகிறது. எனக்கும் கலங்கியது. என் மனைவி அனுப்ரியாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

கடைசி வரை கேட்டாள். “செம்பியன் ஒரு தடவை சாகடிச்சாரு. நீங்க இன்னொரு தடவையா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள்.

அந்தக் கதையைக் கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசை. கம்ப்யூட்டரில் இருப்பதை எங்கே கிழிப்பது. அழிக்கலாம்தான், அழிக்கவில்லை. சாவு வீட்டுப் பகுதி நன்றாக வந்திருக்கிறது.

4

கதை இப்படி நொண்டிக்கொண்டிருக்க, ஞாயிற்றுக்கிழமைகள் வந்துகொண்டேயிருந்தன.

முதல் ஞாயிறு கடையில் கூட்டம். மாலை நாலு பேர் முன்னால் சொல்கிற விஷயமா என்று, திரையிடலுக்கும் பொன்னாடைக்கும் மட்டும் அழைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு கூட்டமே இல்லை. ஃப்ளோரன்ஸ் தானாகவே பேச்சை எடுத்தார். படம் என்றைக்கு, கூட மகள் லிசா வரலாமா, மேடைக்குப் பட்டுப்புடவை கட்டினால் நன்றாக இருக்குமா என்றெல்லாம் கேட்டார். பிறகு கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் எப்டி வர்றேன் சார் அதுல?”

“நல்லா வந்திருக்கீங்க” என்றேன்.

பையில் ஒரு மீன் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார். அதையும் வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்.

[இந்த இடத்தில் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்துவிடுகிறார்: மாலை போட்டால் ஆயுசு கூடுமாம் என்கிறார். இன்னொன்றில் என்னை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். திரும்பப் படித்தபோது இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தது. சிரித்தாலும் எனக்கு நிம்மதி, திட்டினாலும் எனக்கு நிம்மதி. அவருக்கு என்ன ஆகும் என்பது இரண்டிலும் இல்லை.]

5

இனி வருவது நான் யோசித்து எழுதியதல்ல. இன்று காலை நடந்தது. நாளைக்குத் திரையிடல்.

ஃப்ளோரன்ஸ் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தார். லிசா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியத்தை எடுத்தேன். “ஃப்ளோரன்ஸம்மா, அந்தப் படத்துல உங்க போட்டோவுக்கு...”

“மால போட்டுகீறாங்க. அதானே?” தலையை நிமிர்த்தவில்லை.

ட்ரெய்லரில் வந்துவிட்டதாம். லிசா போனில் பார்த்து, அழுது, அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். எப்போது என்று கேட்டேன். நான் அந்தக் கூடுதல் மீனை வாங்கிக்கொண்டு போனதற்கு முதல் நாள்.

“அன்னிக்கே தெரியும் சார். நீங்க வாயத் தொறப்பீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்.”

மன்னிப்புக் கேட்டேன்.  அவர் வஞ்சிரம் வாங்க வந்தவருக்கு மீனைக் கட்டிக் கொடுத்தார், பலகையைக் கழுவினார். போய்விடலாமா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்:

“ஷூட்டிங் முடிஞ்சப்பறம் அந்த மாலைய யார்னா கழட்டுனாங்களா?”

அந்த ஷாட்டைப் பற்றி என்னிடம் என்ன கேட்டாலும் சொல்வேன். வெளிச்சம் எந்த ஜன்னலிலிருந்து வருகிறது, ஒலி எந்த இடத்தில் அறுகிறது, எல்லாம். இது மட்டும் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை. அங்கேயே நின்று செம்பியனுக்கு போன் செய்தேன். அவருக்கும் தெரியவில்லை. ஆர்ட் டைரக்டரிடம் விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். அந்த வீட்டுச் சாமான்கள் எல்லாம் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கிடங்கில் கிடக்கின்றன. படமும் அங்கேதான் இருக்கிறது. மாலையோடு அப்படியே.

அதைச் சொன்னேன். ஃப்ளோரன்ஸ் ஈரக்கையால் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் பயந்து நான் பார்த்ததில்லை. கார்ப்பரேஷன் ஆட்களிடமும் போலீசிடமும் எகிறுகிறவர். இப்போது குரல் இறங்கிவிட்டது.

“அது அப்டியே கெடக்குற வரிக்கும் நான் எங்கியும் வர்ல சார். நீங்க போயி கழட்டுங்க. கழட்டிட்டு வந்து எங்கிட்ட சொல்லுங்க.”

6

வீட்டுக்கு வந்து முடிவை எழுதினேன்.

விமர்சகர் ஆட்டோ பிடித்து ஈக்காட்டுத்தாங்கல் போகிறார். உடைந்த கட்டில்களுக்கும் போலித் தூண்களுக்கும் நடுவே தேடுகிறார். சட்டத்தில் படிந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைக்கிறார். மாலையைக் கழற்றுகிறார். படத்தை மடியில் வைத்துக்கொண்டே பட்டினப்பாக்கம் வந்து ஃப்ளோரன்ஸிடம் நீட்டுகிறார். நன்றாகத்தான் வந்தது. எழுதி முடித்ததும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. போய்விட்டு வந்த மாதிரியே இருந்தது. காபி கேட்டுக் குடித்தேன்.

பாதி டம்ளரில்தான் உறைத்தது.

அதனால் அந்த முடிவை இங்கே சேர்க்கவில்லை. வேறு எங்காவது என் பெயரில் அதைப் படித்தீர்களானால் நம்பாதீர்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஃப்ளோரன்ஸின் கடையில் நின்று, அந்த சார் வந்து சொன்னாரா என்று கேளுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு. என்னிடம் முடிவு இல்லை.

கிடங்கு சாயங்காலம் வரை திறந்திருக்குமாம். நான் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.