மாரித் மாற்றிச் சொன்னது

முறிந்த இரும்புத் தண்டைக் கொல்லுப்பட்டறை வாசலில் தொப்பென்று போட்டார் பெல்டன். அறுவடை நேரத்தில் கதிரடிக்கிற இயந்திரம் நின்றுபோனால் எந்தப் பண்ணைக்காரனுக்கும் முகம் அப்படித்தான் ஆகும். கடுகு போட்டால் பொரிந்திருக்கும். பதினாலு ஆட்கள் அவர் களத்தில் சும்மா உட்கார்ந்து அவர் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"உன் புருஷனால இதை ஒட்ட முடியுமா முடியாதா?" என்றார் மாரித்திடம். அந்த வீட்டில் இங்கிலீஷ் அவளுக்குத்தான் வரும். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் அமெரிக்கக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கற்றது.

அவள் புருஷனிடம் நோர்வே மொழியில் கேட்டாள். அஸ்லாக் தண்டைப் புரட்டினான், முறிவைக் கட்டைவிரலால் தடவினான், தாடியைச் சொறிந்தான்.

"பாக்கலாம். ஒருவேளை வந்தாலும் வரும்."

மாரித்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோர்வேயில் அவர்கள் பிறந்த டெலிமார்க்கில் ஒரு கொல்லன் இப்படிச் சொன்னால் வேலை முடிந்த மாதிரி. 'என்னால் முடியும்' என்று மார்தட்டுகிறவனைத்தான் அங்கே ஊரே கைகொட்டிச் சிரிக்கும். இங்கே அமெரிக்காவில், மின்னசோட்டாவிலோ, 'பாக்கலாம்' என்றால் இவனுக்குத் தெரியாது என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஊர்க் கொல்லனிடம் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். இந்தக் கோடையில் மட்டும் நாலு பேர் போயாயிற்று. அவன் சொன்னதை இந்த மாரித் மகராசியும் ஒரு சொல் குறையாமல் அப்படியே எடுத்துச் சொல்லி அனுப்பிவைத்திருக்கிறாள். வேலை வராவிட்டால் பனி விழுந்ததும் அவன் மறுபடி வடக்கே மரம் வெட்டப் போகவேண்டும். போன குளிர்காலம் போய்த் திரும்பியவனைப் பார்த்து, யாரோ எவரோ என்று குழந்தை வீறிட்டு அழுதது. அன்று அவன் வெளியே போய் நின்றுகொண்டான்.

பெல்டன் தண்டை எடுக்கக் குனிந்தார்.

"அவர் என்ன சொல்றாருன்னா," என்றாள் மாரித். காது மடல் தீயாய்ச் சுட்டது. செத்துப்போன அப்பா கேட்டிருந்தால் நாக்கை அறுத்திருப்பார். "நாளைக்கு மத்தியானம் முடிஞ்சிரும். புதுசவிட உறுதியா இருக்கும். மறுபடி முறிஞ்சா அதே தண்டால என்னை அடிங்கங்கறாரு."

பெல்டன் அஸ்லாக்கை ஏற இறங்கப் பார்த்தார். அவன் ஒன்றும் புரியாமல் மரியாதைக்குத் தலையாட்டி வைத்தான்.

"வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்தான் இவனுக்கு" என்றபடி தண்டை விட்டுவிட்டுப் போனார்.

"அவர்கிட்ட என்ன சொன்ன?"

"நீ சொன்னதத்தான். போ, நெருப்ப மூட்டு."

துருத்தியை அவளே இழுத்தாள். இரும்பு வெளுத்துப் பொறி தெறித்த நொடியில் அவன் இரண்டு முனையையும் சேர்த்து வைத்துச் சம்மட்டியை இறக்கினான். பொய் சொன்ன வாயால் ஜெபிக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஜெபித்தாள்.

தண்டைக் கொண்டுபோன நாலாம் நாள் பெல்டன் வந்தார். வண்டியிலிருந்து இறங்கும்போதே சத்தம்.

"மெஷின் சளைக்காம ஓடுதும்மா! இப்படி ஒரு கொல்லன நான் பாத்ததே இல்ல. கில்லாடி! பனி விழறதுக்குள்ள என் இருபத்திரண்டு குதிரைக்கும் இவன்தான் லாடம் அடிக்கணும். குளிர்காலம் பூரா கலப்பை வேலையும் இருக்கு, சொல்லு அவன்கிட்ட."

"என்னவாம்?" என்றான் அஸ்லாக்.

இத்தனை புகழ்ச்சியையும் அப்படியே போட்டு உடைத்தால், வெட்கத்தில் மூன்று ஞாயிறு சர்ச்சுப் பக்கமே வரமாட்டான் இந்த மனுஷன்.

"இருபத்திரண்டு குதிரைக்கு லாடமாம். குளிர்காலம் முழுக்க வேலையாம்." அவள் ஒரு நொடி சொல்லைத் தேடினாள். "தண்டு... அவ்வளவு மோசமில்லையாம்."

டெலிமார்க்கில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. அஸ்லாக்கின் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவப்பு ஏறியது. "நெசமா? அப்படியா சொன்னார்?"

"அப்படியேதான் சொன்னார்."

அவன் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி, உலையில் ஒன்றுமே இல்லாமல் துருத்தியை விறுவிறுவென்று இழுக்க ஆரம்பித்தான்.