உச்சித் தட்டில் ஒரு வெள்ளைப் பட்டு

என் தங்கை ரத்தினபாயின் புடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்குப்போய் ஒரு தனி அறை கட்டினார் அவள் புருஷன் அசரியா. ரயில்வே ஆபீசில் பிளான் வரைகிற வேலை. கையில் ஸ்கேலும் பென்சிலும் இருந்தால் உலகத்தையே சரிபண்ணிவிடலாம் என்று நினைக்கிற ஆள். எழுபத்திரண்டில் அஸ்தினாபுரத்தில் அவர்கள் வீடு எழும்பிக்கொண்டிருந்தபோதுதான், அவளுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய், மிஞ்சிப்போனால் ஒரு வருஷம் என்று டாக்டர் கைவிரித்தார்.

மனுஷன் அழவில்லை, ஜெபம் பண்ணவில்லை. படுக்கையறையை ஒட்டி ஒரு டிரஸ்ஸிங் ரூம் வரைய உட்கார்ந்துவிட்டார். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்தாராம். உள்ளே நடந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு உடுத்தலாமாம். ஒரு பக்கம் புடவை தொங்கவிடப் பித்தளைக் கம்பி, எதிரே மரத் தட்டுகள், நடுவில் ஆளுயரக் கண்ணாடி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நிற்கவே தெம்பில்லாதவளுக்கு ஆளுயரக் கண்ணாடி ஒரு கேடா!

ஆனால் அறை அழகாகத்தான் அமைந்தது, அதையும் சொல்ல வேண்டும். "தினம் உடுத்துறது கைக்கு எட்டுற எடத்துல. சர்ச்சுக்கு உடுத்துறது அதுக்கு மேல. என்னைக்காவது வேணுங்கிறது உச்சித் தட்டுல, கதவு பூட்டோட" என்று எனக்கு விளக்கினார்.

குடிவந்த அன்று ரத்தினபாய் நாற்காலியில் சாய்ந்தபடி அவர் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் புடவையை, அந்த வெள்ளைப் பட்டை, அவர் கையில் எடுத்ததும், "இங்க பாருங்க, அதை மட்டும் கீழ வையுங்க" என்றாள்.

கல்யாணப் புடவையை உடுத்தித்தான் சவப்பெட்டியில் கிடத்துவது எங்கள் குடும்பத்து வழக்கம். அவள் எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்தது. முகம் செத்துப்போயிற்று.

"அது இப்ப எதுக்கு?" என்று ஸ்டூலில் ஏறி, உச்சித் தட்டில் சுவரோடு தள்ளிவைத்துப் பூட்டினார். சாவி அவர் சட்டைப் பைக்குப் போயிற்று.

"அக்கா, நீயாவது சொல்லேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அதைக் கட்டிக்கிட்டுப் போகணும், அவ்வளவுதான்" என்றாள் என்னிடம்.

சொல்லாமலா இருந்தேன்? போகும்போதெல்லாம் சண்டை பிடித்தேன். "தம்பி, எறக்கி வெயிலாவது காட்டுங்க" என்பேன். "அதைப் பத்திப் பேசுறதா இருந்தா இங்க வராதீங்கக்கா" என்பார். புடவை கீழே இறங்கினால் அவளும் போய்விடுவாள் என்று அந்த மனுஷனுக்குப் பயம்.

கார்த்திகை மழையில் அவள் போய்விட்டாள். குளிப்பாட்டிவிட்டு நான்தான் போய், "இப்பவாவது எடுத்துக் குடுங்க" என்றேன்.

ஏறினார். பூட்டைத் திறந்தார். உள்ளே கையை விட்டுத் துழாவினார். பிறகு கையை நீட்டினார். ஈரமண்ணும் வெள்ளை நூலுமாக ஒரு பிடி.

கரையான். புதுச்சுவர் வழியாக ஏறியிருக்கிறது. தினம் கைபட்ட தட்டுகளில் ஒரு ரவிக்கைகூடப் போகவில்லை. யாரும் தொடக்கூடாதென்று பூட்டி வைத்ததை மட்டும் அது முழுசாகத் தின்று தீர்த்திருந்தது.

"ஜரிகை இருக்குக்கா" என்றார். ஓங்கி அறைந்திருப்பேன், சத்தியமாக. அதற்குள் ஸ்டூல் மேலேயே நின்று குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார்.

மேற்குத் தாம்பரத்தில் என் வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் என் கல்யாணப் புடவை இருந்தது. வருஷா வருஷம் வெயில் காட்டி, எனக்கென்று வைத்திருந்தது. எனக்கு நாளைக்கு எதைக் கட்டிவிடுவார்களோ, கட்டிவிடட்டும். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அவள் அவ்வளவு இளைத்திருந்தாள். இடுப்பில் சுற்றிச் சுற்றிச் செருகியும் துணி மிச்சமிருந்தது.

அசரியா கதவோரம் நின்று பார்த்தார். "அவ புடவை மாதிரியேதான் இருக்குக்கா" என்றார்.

"மாதிரிதான்" என்றேன். "அவ கேட்டது இதை இல்ல."

சவப்பெட்டியை மூடுகிறவர்கள் உள்ளே வந்தார்கள்.