பதினோராம் அறை சரிந்த வருடம்

முதலாம் ஆண்டு கால்குலஸ் வகுப்பு நடந்த பதினோராம் அறை, அந்த வருடம் பாடம் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் சரிய ஆரம்பித்தது. கட்டடம் சரியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல்கள் நேராகத்தான் இருந்தன. உள்ளே மட்டும் கரும்பலகைப் பக்கம் தரை எழும்பி, பின்பக்கக் கதவை நோக்கி இறங்கியது. முதலில் சாக்பீஸ்கள் உருண்டன, அப்புறம் தண்ணீர் பாட்டில்கள், அதற்கப்புறம் இரண்டு மாணவர்கள். பல்கலைக்கழகம் ஒரு கொத்தனாரை அனுப்பியது. அவர் ரசமட்டத்தை ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் குமிழி நடுவில் வந்து நின்றது. தரை சமம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும்போது கால் வழுக்கி, பின்பக்கக் கதவு வழியாக வராந்தாவில் போய் விழுந்தார். எழுதிக் கொடுத்ததை மட்டும் அவர் மாற்றவில்லை.

பாடம் நடத்தியவரை எல்லோரும் சுத்தியல் என்றார்கள். அவர் காதுபடவே சொன்னார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. முதல் நாள் வருகைப் பதிவு எடுத்து முடித்ததும், "நாற்காலி பத்தலைன்னு யாரும் ஆஃபீஸ்ல போய் நிக்க வேண்டாம். ஆள்தான் அதிகம். குறைச்சுடலாம்" என்றார். அவர் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. ஒருவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, ஒரு கணக்கைக் கொடுத்து, அவர் தப்பாகப் போடும்வரை பொறுமையாகக் காத்திருந்து, போட்டதும் அவருடைய படிப்பு, குடும்பம், கையெழுத்து, செருப்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டு நிதானமாகப் பேசுவார். அப்படிப் பேசும் ஒவ்வொரு முறையும் தரை இன்னும் கொஞ்சம் எழும்பியது. பேச்சு வாங்கியவர் தன் இடத்துக்குத் திரும்பும்போது கால் நிற்காமல் போய் வராந்தாவில் விழுவார். அப்படி விழுந்தவர்கள் திரும்ப ஏறி வருவது அபூர்வம். அலுவலகத்தில் அதற்கு விருப்ப விலகல் என்று பெயர். யாராவது சரிவைப் பற்றிப் புகார் சொன்னால், "அறை சமம்தான். கொத்தனார் எழுதிக் குடுத்திருக்கார். உங்க தலையிலதான் கோணல்" என்பார் சுத்தியல்.

கடைசி பெஞ்சில், பின்பக்கக் கதவுக்குப் பக்கத்தில், வேன்காரம்மா உட்கார்ந்திருந்தாள். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற மஞ்சள் வேனை ஓட்டுகிறவள். இடையில் கிடைக்கும் நேரத்தில் வகுப்புக்கு வந்தாள். அவளுக்கு இது புதிய பாடமில்லை. இதே அறையில், இதே மனிதரிடம், அவர் தலையில் முடி இருந்த காலத்தில் ஒரு முறை படித்திருக்கிறாள். கடைசிப் பரீட்சையின்போது அவள் வாயும் வயிறுமாக இருந்தாள். வாந்தி எடுக்க வெளியே ஓடித் திரும்பி வந்தபோது அவளுடைய விடைத்தாள் சுத்தியலின் கையில் இருந்தது. "வெளிய போனா போனதுதான்" என்றார். அவளும் அப்படியே போய்விட்டாள். குழந்தை பிறந்தது, வேன் வந்தது, காலம் ஓடியது. இப்போது மறுபடி சேர்ந்தபோது, கடிகாரம் பழுது பார்க்கிற அவள் புருஷன், "இத்தனை வருஷம் கழிச்சு இது எதுக்கு?" என்று கேட்டான். "முடிக்கலை, அதான்" என்றாள். அதைவிட நல்ல காரணம் அவளுக்கும் தெரியவில்லை.

சங்கடம் என்னவென்றால், அன்று வயிற்றில் இருந்த பிள்ளை இன்று அதே வகுப்பின் முன்வரிசையில் இருந்தது. மகள் மதிப்பெண்களோடு நேர்வழியில் வந்து சேர்ந்தவள். அம்மாவும் அதே பாடத்தில் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று தெரிந்த அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வகுப்புல என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத" என்றாள். வேன்காரம்மா சரி என்றாள். சொன்ன சொல்லை அவள் ரொம்பக் கச்சிதமாகக் காப்பாற்றினாள். அதுதான் மகளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. வேனில் ஏறாமல் மகள் பஸ்ஸில் போனாள். இருவரும் ஒரே மேஜையின் இரண்டு பக்கங்களில், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டு வகைக்கெழுக் கணக்குப் போட்டார்கள். ஒரே புத்தகம்தான் வீட்டில் இருந்தது. அதை அப்பா நடுவில் வைத்து, கால் மணிக்கு ஒரு தரம் திசை மாற்றித் திருப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

அரைப் பருவத் தேர்வு வருவதற்குள் அறையில் ஆட்கள் பாதியாகிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் செருப்புக்கு அடியில் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். பெஞ்சுகளைத் தரையோடு சேர்த்து ஆணி அடித்துக்கொண்டார்கள். வேன்காரம்மா முன்னால் இருந்த பெஞ்சின் குறுக்குக் கட்டையில் வலது காலை ஊன்றி, பிரேக் பிடிக்கிற மாதிரி அழுத்தியே உட்கார்ந்திருப்பாள். மேலேயிருந்து உருண்டு வருகிறவர்கள் அவள் முழங்காலில் மோதித்தான் வெளியே போனார்கள். அவள் யாரையும் பிடிக்கவில்லை. பிடித்தால் தானும் போக வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதை நினைத்து அவள் பெரிதாக வெட்கப்படவும் இல்லை.

தேர்வு முடிவை சுத்தியல் சத்தமாக வாசித்தார். அம்மாவின் மதிப்பெண் மகளுடையதைவிட ஒன்று கூடுதலாக இருந்தது. பழைய பாடம் கொஞ்சம் நினைவிலிருந்தது என்பதைத் தவிர அதில் சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஆனால் உறவு இன்னும் தெரியாத சுத்தியலுக்கும் அது போதும். முன்வரிசையைப் பார்த்து, "வேன் ஓட்டுறவங்க முந்திட்டாங்களே, நீ பஸ்ல வர்றதனால லேட்டா?" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு அவர் இரண்டு விடைத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். ஏழு போடுகிற விதம் இரண்டிலும் ஒன்றாக இருந்தது. கடைசி பெஞ்சை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"நீ அந்தப் பொண்ணுதானே. வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்து பாதிப் பரீட்சையில எழுந்து ஓடினவ. அப்ப இதுதான் அந்த வயிறா?"

மகள் எழுந்து நின்றாள். என்ன சொல்ல எழுந்தாள் என்று அவளுக்கே பிற்காலத்தில் நினைவில்லை. அதற்குள் தரை ஒரே மூச்சில் எழும்பியது. ஆணிகள் பிடுங்கிக்கொண்டன. முன்வரிசை பெஞ்சு மகளோடு சேர்ந்து கீழே வந்தது. வேன்காரம்மா வலது காலை எடுக்காமல் இடது கையை நீட்டி மகளின் சட்டைக் காலரைப் பிடித்தாள். பெஞ்சு மட்டும் கதவைத் தாண்டிப் போய் வராந்தாத் தூணில் மோதியது.

"விடு" என்றாள் மகள்.

"மாட்டேன்."

"எல்லாரும் பாக்குறாங்க, விடும்மா."

"பாக்கட்டும். காலை ஊனு. அந்தக் கட்டையில. இன்னும் அழுத்து."

மகள் காலை ஊன்றினாள். மிச்ச வகுப்பு முழுவதும் அம்மாவுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு. சுத்தியல் கரும்பலகையின் அடிக்கட்டையைப் பிடித்துத் தொங்கியபடி சங்கிலி விதியை நடத்தி முடித்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மகள் பையைக்கூட இறக்கவில்லை. "நான் வந்ததாலதான் நீ ஃபெயிலா?" என்று கேட்டாள். அப்பா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பார்வையின் அர்த்தம் அவளுக்குப் புரிந்தது. இருந்தாலும் வேன்காரம்மாவுக்குப் பொய் சரளமாக வராது.

"ஆமா" என்றாள்.

"கோவமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"யார் மேல?"

"அந்தாள் மேல. அப்பறம் உன் மேல. நீ நடக்க ஆரம்பிக்கிற வரைக்கும் இருந்துச்சு. அதுக்கப்பறம் நேரம் இல்லை."

மகள் பையை இறக்கி வைத்தாள். "இப்ப எனக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்போது மேஜைமேல் இருந்த கடிகாரத் திருகுகள் மெதுவாக உருண்டு, விளிம்பைத் தாண்டி, சமையலறைப் பக்கம் போயின. அப்பா மண்டியிட்டு அவற்றைப் பொறுக்கினார். மறுநாளும் உருண்டன. மேஜையின் இரண்டு கால்களுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்துப் பார்த்தார். வீடு அந்தப் பலகை அளவுக்கு இன்னும் சரிந்துகொண்டது. கொத்தனாரைக் கூப்பிடலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. குமிழி எங்கே நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கடைசிப் பரீட்சையன்று பதினோராம் அறை கிட்டத்தட்ட சுவர்போல நின்றது. மாணவர்கள் பெல்ட்டாலும் சால்வையாலும் தங்களைப் பெஞ்சோடு கட்டிக்கொண்டு எழுதினார்கள். அம்மாவும் மகளும் ஒரே பெஞ்சில், ஒரே கயிற்றில் கட்டப்பட்டு எழுதினார்கள். பேனா கீழே போனால் போனதுதான் என்பதால் ஆளுக்கு ஒரு கைப்பிடி பேனா கொண்டுவந்திருந்தார்கள். மகளின் பேனாக்கள் தீர்ந்தபோது வேன்காரம்மா தன்னுடையதில் ஒன்றை நகர்த்தி வைத்தாள். மகள் அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து எடுத்துக்கொண்டாள். மணி அடித்ததும் விடைத்தாள்களை ஒரு வாளியில் போட்டுக் கட்டினார்கள். மேலே கூரைக்குப் பக்கத்தில் இருந்த சுத்தியல் கயிற்றை இழுத்து வாளியை வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் கட்டவிழ்த்து ஒவ்வொருவராகச் சறுக்கி வெளியேறினார்கள். மகள் திரும்பிப் பார்க்காமல் போனாள். கடைசியாக வேன்காரம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மேலேயிருந்து குரல் வந்தது. அந்த வருடம் முழுவதும் அவரிடம் கேட்காத குரல் அது.

"கொஞ்சம் கையக் குடும்மா. என்னால இறங்க முடியலை."

அவர் ஒரு காலைக் கீழே விட்டு, ஊன்ற இடம் கிடைக்காமல் திரும்ப இழுத்துக்கொண்டார். வேன்காரம்மா தனக்கு இரக்கம் வருகிறதா என்று பைக்குள் சாவி தேடுகிற மாதிரி உள்ளே துழாவிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"தரை சமம்தானே சார். நடந்து வாங்க" என்றாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகியிருந்தது. வேனை எடுக்கப் போய்விட்டாள்.

சுத்தியல் இறங்கவில்லை. ஏணியோடு வந்த ஆட்கள் ஏணியோடு வராந்தாவில் விழுந்தார்கள். விடைத்தாள்களை அவர் அங்கேயே உட்கார்ந்து திருத்தினார், நியாயமாகவே திருத்தினார்; அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. வேன்காரம்மா தேறினாள். மகள் தொகையீட்டுக் கணக்குகள் எல்லாவற்றிலும் விடையின் கடைசியில் போட வேண்டிய மாறிலியைச் சேர்க்காமல் விட்டிருந்தாள், தேறவில்லை. முடிவு வந்த அன்று அம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் வீடு என்னவாகியிருக்கும் என்று அப்பா பிறகு சொல்லிச் சிரித்தார், மற்ற இருவரும் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் மகள் அதே அறையில் மறுபடி சேர்ந்தாள். வலது காலைக் குறுக்குக் கட்டையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து தேறினாள். சுத்தியல் ஓய்வு பெறும்வரை மேலேயிருந்தே பாடம் நடத்தினார். சாப்பாடு வாளியில் போனது. அவர் போன பிறகும் தரை இறங்கவில்லை. அவர் இடத்துக்குப் புதிதாக வந்தவர் வேலையில் சேரும்போதே கயிறு கொண்டுவந்தார்.

வீட்டிலும் அப்படித்தான். அம்மாவும் மகளும் பேசிக்கொண்டார்கள், சண்டை போட்டார்கள், ஒருவர் தட்டிலிருந்து உருண்டதை மற்றவர் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். மன்னிப்பு என்று யாரும் எதையும் கேட்கவில்லை. அப்பா திருகுகளுக்குக் காந்தத் தட்டு வாங்கினார். சில வருடங்கள் கழித்து மகளுக்குத் தூரத்தில் ஒரு வேலை கிடைத்து, தனி அறை எடுத்தாள். புதுக் கட்டடம், பளபளப்பான தரை, எதை வைத்தாலும் வைத்த இடத்தில் இருந்தது. ஒரு வாரம் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பிறகு வேலை நடந்துகொண்டிருந்த ஒரு இடத்தில் கேட்டு இரண்டு செங்கல் வாங்கி வந்து, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் வைத்தாள். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, தரை ஏதும் கோணலா என்று கேட்டார்.

"இல்லை" என்றாள். "எங்க வீட்டுல இப்படித்தான்."