டீச்சரை உள்ளே வைத்துப் பூட்டிய வகுப்பு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. பள்ளியிலிருந்து வந்த அண்ணன் மகள் தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல், "அத்தை, இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். உட்காரவே இல்லை. பிள்ளைகளின் குரலில் பேசிக்காட்டி, நடுநடுவே தானே சிரித்து, அப்பா தட்டில் இருந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொல்லி முடித்தாள். எனக்குக் கை பரபரத்தது.

"இதை நான் எழுதட்டுமா?"

"எழுதுங்க. ஆனா என்னை அழ வைக்கக் கூடாது. உங்க கதையில வர்ற பொண்ணுங்க எல்லாம் எதையாவது பிடிச்சுக்கிட்டு அழுவுதுங்க."

வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எழுதிய முதல் வரி இது:

'கதவின் சட்டத்தைப் பிடித்தபடி நின்ற அவள் கண்களில் நீர்—'

அடித்துவிட்டேன். (பழக்க தோஷம்.)

2

இரண்டாவது தொடக்கம்:

'மழலையருக்குக் கூடிச் செயல்படும் பண்பையும் வாழ்க்கைத் திறன்களையும் கற்பிக்கும் முறைகளை அறிந்துகொள்ளும் பொருட்டுப் பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்த அவள்—'

கதையா இது, சுற்றறிக்கையா? இதையும் அடித்தேன். அவளை அவள் இருக்கிறபடியே விட்டால் போதும் என்று பிறகுதான் உறைத்தது.

அவள் கணக்குப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மழலையர் ஆசிரியைப் பயிற்சிக்குப் போனவள். "மூக்கு துடைச்சுவிடறதுக்கு ஒரு படிப்பா?" என்று அண்ணன் கத்தினான். "ஆமாப்பா. சரியா துடைக்கறதுக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாய்க்குத் தகுந்த மாதிரி அவள் செய்துகாட்ட வேண்டியிருந்தது.

பயிற்சிக் கல்லூரியின் மேற்பார்வையாளர் அவள் வகுப்பைப் பார்க்க இரண்டு தடவை வருவார். முதல் தடவை வந்தபோது, அட்டைப் பெட்டிகளை எல்லோரும் சேர்ந்து அடுக்கிக் கோபுரம் கட்டுவதாகத் திட்டம். கட்டினார்கள், ஆளுக்கொரு கோபுரம். பக்கத்துக் கோபுரத்தில் பெட்டி உருவினார்கள். ஒருத்தி பெட்டிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து, "இது என் வீடு, யாரும் வரக் கூடாது," என்றாள். அண்ணன் மகள் "சேர்ந்து கட்டுங்க! பகிர்ந்துக்கோங்க! ஒண்ணா!" என்று ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது மேற்பார்வையாளர் சொன்னார்: "பிள்ளைங்க எங்கம்மா விளையாடினாங்க? உங்க குரல்தான் விளையாடிச்சு."

இரண்டாம் தடவையும் இப்படியே போனால் அந்தப் பருவம் முழுவதையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். அப்பாவிடம் அதைச் சொல்லவும் வேண்டும்.

3

வகுப்பில் பிள்ளைகள் நிறைய. எல்லோரையும் உள்ளே விட்டால் கதை தாங்காது. மூன்று பேர் போதும். பெயர்கள் அவள் வைத்த செல்லப்பெயர்கள், வகுப்பில் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது.

வால்: பெட்டிக்குள் வீடு கட்டியவள். ஏறக் கூடாது என்று சொன்ன இடத்தில்தான் இருப்பாள்.

மேனேஜர்: கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிற பையன். "இதெல்லாம் யார் இங்க போட்டது?" என்று கேட்பான். போட்டது அவனாகத்தான் இருக்கும்.

சொட்டு: சின்னஞ்சிறியவள். சேர்ந்த நாளிலிருந்து தலையாட்டலோடு சரி. அவள் குரல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

(மேனேஜர் மீது எனக்குச் சந்தேகம் இருந்தது. இவ்வளவு சின்னப் பிள்ளை இப்படிப் பேசுமா? எழுதியதைத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "குறைச்சு எழுதியிருக்கீங்க அத்தை," என்றாள்.)

4

இரண்டாம் வருகை நாள். மேற்பார்வையாளரை அழைத்துவர வகுப்பாசிரியை வாசலுக்குப் போனார். "இதோ வந்துடறேன், பார்த்துக்கோம்மா."

அன்றைய பாடத்துக்கு ஒரு பந்தும் பெரிய வட்டத் துணியும் வேண்டும். பிள்ளைகள் சுற்றி நின்று ஓரத்தைப் பிடித்து ஒரே சமயத்தில் தூக்கினால் பந்து மேலே எழும்பும். யாராவது தன் பக்கம் இழுத்தால் உருண்டு விழுந்துவிடும். துணி, வகுப்பின் மூலையில் இருந்த பொருளறையில். அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய அறை அது. கதவு வகுப்புப் பக்கமாகத் திறக்கும். உள்ளே வண்ணக் குப்பிகள் இருப்பதால் தாழ்ப்பாள் வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில்.

அவள் உள்ளே போய் எக்கித் துணியை இழுத்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. ஏதோ இழுபடும் சத்தம். அப்புறம், டக்.

"யாரு அது? திறங்க!"

கெக்கெக்கே என்று ஒரு சிரிப்பு. ஓடுகிற கால்கள்.

தோளால் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. கத்தினாள். பக்கத்து வகுப்பில் பாட்டு நேரம், மேளத்தில் எல்லாம் அடிபட்டுப் போயிற்று. கைபேசி வெளியே மேசைமேல். மேற்பார்வையாளர் இந்நேரம் வாசலில் இறங்கியிருப்பார். அந்தப் பயம் வந்த வேகத்தில் போய்விட்டது, ஏனென்றால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது: வகுப்பின் கதவு திறந்தே கிடக்கிறது. யாராவது ஒரு பிள்ளை வெளியே இறங்கிப் போய்விட்டால்?

தரையில் படுத்தாள். கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடுக்கு. அதில் தெரிந்ததெல்லாம் காலுறைகள், குட்டிக் குட்டிச் செருப்புகள்.

"எல்லாரும் இங்க வாங்க. பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக்கோங்க. யாராச்சும் இல்லாம இருக்காங்களா, மேனேஜர்?"

மேனேஜர் எண்ணுகிற சத்தம் கேட்டது. "எல்லாரும் இருக்கோம் டீச்சர். ஒருத்தன் மட்டும் கை குடுக்க மாட்டேங்கறான். அவன் சட்டையைப் பிடிச்சிருக்கேன்."

அவளுக்கு மூச்சு வந்தது. "நல்ல பிள்ளைங்க. பெரிய டீச்சர் வந்து திறப்பாங்க. அதுவரைக்கும் அப்படியே நில்லுங்க."

"வேணாம். நாங்களே திறக்கிறோம்," என்றாள் வால்.

இடுக்கில் நாற்காலிக் கால்கள் நகர்ந்து வந்தன.

5

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஏன் பூட்டினார்கள்? என் கைப்பிரதியில் ஒரு பத்தி இருந்தது: 'இன்று டீச்சருக்குக் கடைசி நாள் என்று பிள்ளைகள் கேள்விப்பட்டிருந்தார்கள். போகவிடக் கூடாது என்றுதான் அந்தப் பிஞ்சு நெஞ்சங்கள்—'

எழுதி முடித்ததும் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். படித்துக் காட்டினேன்.

"அய்யோ அத்தை! கடைசி நாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏன் பூட்டினீங்கனு நானே கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சும்மா."

"சும்மாவா?"

"சும்மாதான்."

பத்தியை அடித்தேன். (நன்றாக வந்திருந்தது. யாருக்காவது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.)

6

'ஏறாதே' என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. வாலிடம் அதைச் சொன்னால் ஏறு என்று அர்த்தம். விழுங்கிவிட்டுக் கேட்டாள்:

"நாற்காலி ஆடுதா?"

"ஆடுது."

"ஆடாம இருக்க என்ன செய்யலாம்?"

கூட்டமாக யோசித்தார்கள். பிறகு மேனேஜரின் குரல்: "நீ அந்தக் கால். நீ இந்தக் கால். பிடிச்சுட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது!" முட்டிபோட்ட முழங்கால்கள் இடுக்கை நிறைத்தன. முதல் தடவையாக யாரும் இன்னொருவர் பிடித்த நாற்காலிக் காலைப் பறிக்கவில்லை.

"ஏறிட்டேன்!" மேலிருந்து வால். "எட்டுது! ஆனா வர மாட்டேங்குது டீச்சர், இறுகிப்போச்சு!"

"இழு, இன்னும் கொஞ்சம் இழு!" என்று அவளும் உள்ளிருந்து முழு பலத்தோடு கதவைத் தள்ளினாள். வால் முனகினாள். தாழ்ப்பாள் அசையவில்லை. மறுபடி தள்ளினாள்.

அப்போது அவள் பாதத்துக்குப் பக்கத்திலிருந்து, அதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரல் வந்தது. குனிந்து பார்த்தாள். இடுக்கில் ஒரு கண்.

"டீச்சர், நீங்க தள்றீங்களா?"

சொட்டு.

"ஆமாம்மா."

"தள்ளக் கூடாது."

அவ்வளவுதான். அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். தள்ளத் தள்ளத் தாழ்ப்பாளை இறுக்கிக்கொண்டிருந்தது அவளேதான்! கதவின் குறுக்குச் சட்டத்தில் விரலைக் கொடுத்துத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தாள்.

"இப்ப பாரு வால்!"

டக்.

வெளியே ஒரே கூச்சல், குதியாட்டம். தாழ்ப்பாள் திறந்துவிட்டது, கதவை ஒரு தட்டுத் தட்டினால் வெளியே வந்துவிடலாம். மேற்பார்வையாளர் வருவதற்குள் தலைமுடியைச் சரிசெய்து, துணியை விரித்து, ஒன்றும் நடக்காததுபோல்—

கை கதவுவரை போய்விட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி. நாற்காலிமேல் வால்.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், மேனேஜரைப் போலவே.

"வால் இறங்கியாச்சா?"

"இறங்குறா. நான் கை குடுக்கிறேன்."

"நாற்காலி?"

"தூக்குறோம் டீச்சர். கனமா இருக்கு. எல்லாரும் தூக்குறோம்."

"எல்லாரும் தள்ளி நின்னாச்சா?"

கதவு தானாகத் திறந்தது. கீழ்மூலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றது சொட்டு.

7

வகுப்பு வாசலில் மேற்பார்வையாளர். பக்கத்தில் வகுப்பாசிரியை, வாயைக் கையால் பொத்தியபடி. எப்போது வந்தார்கள், எவ்வளவு பார்த்தார்கள் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

"நாற்காலியைப் பிடிக்க ஓடி வந்தேன்," என்றார் மேற்பார்வையாளர். அவருக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு முன்னாடி இவங்களே பிடிச்சுட்டாங்க. இது நீங்க திட்டமிட்ட பாடமாம்மா?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். பிரமாதமான பாடமாக ஆகியிருக்கும். (நானாக இருந்தால் ஆட்டியிருப்பேன். கதை எழுதுகிறவளுக்கு வேறென்ன வேலை?)

"இல்ல மேடம். நான் உள்ள மாட்டிக்கிட்டேன்."

"யார் பூட்டினது?"

அவள் வாயைத் திறக்குமுன் மேனேஜர் ஓரடி முன்னால் வந்தான். "நாங்க."

"எப்படி எட்டிச்சு?"

"இவ ஏறினா. நாங்க பிடிச்சுக்கிட்டோம். சொட்டு யாராச்சும் வர்றாங்களான்னு பார்த்தா."

"திறந்தது?"

"அதுவும் நாங்கதான்!" என்று மொத்த வகுப்பும் கத்தியது.

அட்டைப் பெட்டி அடுக்கச் சொன்னபோது அடித்துக்கொண்ட பிள்ளைகள், டீச்சரைப் பூட்ட என்ன ஒற்றுமை! மேற்பார்வையாளர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சரி. உங்க பாடத்தை ஆரம்பிங்க."

அவள் துணியை விரித்தாள். வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் சுற்றி வந்து ஓரத்தைப் பிடித்தார்கள். ஒரு பக்கம் தொங்கியது, அங்கே ஆள் போதவில்லை. வால் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க ஏன் சும்மா நிக்கறீங்க? வந்து பிடிங்க."

மேற்பார்வையாளர் பேனாவை மூடிவைத்துவிட்டு வந்து பிடித்தார்.

8

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. ஒன்றில் மேற்பார்வையாளர் எழுந்து நின்று பாராட்டுகிறார். இன்னொன்றில், வகுப்பைத் தனியாக விட்டதற்காகப் பருவம் முழுவதையும் திரும்பச் செய்யச் சொல்கிறார், அதுவும் நியாயம்தான். மூன்றாவதில் அண்ணன் மகளைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கே— வேண்டாம், அவனை எனக்குத் தெரியும்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அண்ணன் கேட்டதும் நீங்கள் இப்போது கேட்பதும் ஒரே கேள்வி:

"அதெல்லாம் இருக்கட்டும். பாஸா, ஃபெயிலா?"

அவள் காதில் அது விழவே இல்லை. முகம் ஜொலிக்க, இரண்டு கைகளையும் தலைக்குமேல் வீசினாள்.

"அப்பா, பந்து எவ்வளவு உயரம் போச்சு தெரியுமா?"

என் அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேள்வியை மாற்றிக் கேட்டான். "எவ்வளவு?"

அவள் சொன்ன பதிலை நான் எழுதப் போவதில்லை. விட்டத்தை நிமிர்ந்து பார்த்து, நீங்களே சொல்லுங்கள்.